மூணு கால் சண்டைக்காரி

எம் பள்ளிக்கூடப் புத்தகத்துல எப்பவும் காயாத பிரஸ் மை வாசம் அடிக்கும். ரெண்டாயிரமாவது வருசத்துக்குப் பக்கத்துல, சிவகாசியில எங்கம்மா வேல பாத்த அச்சாபீஸ்ல, கலர் விலகிப்போன சினிமா போஸ்டர "வேஸ்ட் சீட்டு"ன்னு ஒதுக்குவாக; அதக் கொண்டாந்துதான் எனக்கு அட்ட போடுவா. அப்படி வந்தவதான் அந்தச் சண்டைக்காரி. செவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் விலகி, ஒத்த ஒதைக்கு மூணு கால் தெரிய, கணக்குப் புத்தகத்து மேல பறந்துக்கிட்டு இருந்தா.

அப்பா லாரில லோடு ஏத்திப் போனா மாசக்கணக்காகும். காலண்டர் சீசன்ல அம்மாவ விடியமுன்ன கம்பெனி வேன் அள்ளிட்டுப் போயிரும். சாயங்காலம் வீட்டத் தொறந்து, அவளப் பாத்து நானும் எட்டி ஒதைச்சுப் பழகுவேன். கொடத்துக்கு நெளிவு விழுந்துச்சு, எனக்குச் சுளுக்கு விழுந்துச்சு, பாக்கத்தான் ஆளில்ல.

அவ நடிச்ச அந்தப் படம் எங்கூருக் கொட்டகைக்கு வந்துச்சு. எனக்கு அம்மாகூட உக்காந்து பாக்கணும். "ஏட்டி, ஆர்டர் முடியட்டும், ரெண்டு பேருமாப் போவோம்"னு சொல்லிச் சொல்லியே கடைசி நாளும் வந்துருச்சு. அன்னைக்குன்னு பாத்து மிசின் மக்கர் பண்ண, மத்தியானமே அம்மா பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னா: "கெளம்புட்டி!"

படத்துல, அரிசி ஆலைக்குள்ள தடிப்பயலுக கூட்டம், நடுவுல அவ ஒருத்தி. எட்டி ஒதைச்சா பாருங்க, கெண்டக்கால் பூரா முடி! மொகத்தக் காட்டுனா பொம்பள, முதுகக் காட்டுனா சவுரி வச்ச ஆம்பள டூப்பு. சிரிப்பு தாங்காம, "எம்மா, ஆம்பளக் காலும்மா!"ன்னு திரும்புனா, அம்மா எந்தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. இடைவேள லைட்டுக்கும் முழிக்கல. எழுப்ப எனக்கு மனசு வரல. மிச்சத் தடியனுகள சண்டைக்காரியும் நானுமாச் சமாளிச்சோம்.

திரும்பி நடக்கையில அம்மா கேட்டா: "ஏட்டி, கடசியில அவ செயிச்சாளா?"

"செயிச்சாம்மா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"பாவம், கால் வலிச்சிருக்கும்"னா, நாளெல்லாம் நின்னே வேல பாக்குறவ.

கொட்டகை இப்ப அட்டப்பெட்டி குடோன். போஸ்டர் ஒட்டுன செவுத்துல பிளக்ஸு தொங்குது. போன்ல தேடுனா அந்தப் படமே இல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைக "கனாக் கண்டீகளாக்கா?"ங்குதுக. சாட்சிக்கு இருந்த அம்மாவும் போய்ச் சேந்துட்டா, அவளும் தூங்குன சாட்சிதான். அன்னைக்குப் பறந்து ஒதைச்ச எனக்கு இன்னைக்கு பஸ் படி ஏறவே மொளங்கால் கடக்குமுடக்குங்குது. ஏறி, சன்னலோரமா உக்காந்து, நானே தேச்சுவிட்டுக்கிடுவேன். அந்தச் சண்டைக்காரி குடுத்து வச்சவ. கால் வலிச்சிருக்கும்னு சொல்ல அவளுக்கு ஒருத்தி இருந்தா.