காரை விட்டு இறங்கக் கூடாது

அல்ஜீரியாவில் வீதிச் சோதனைக்கு நிறுத்தினால் என்ன செய்வது என்று கரீம் லண்டன் எட்மண்டனிலேயே சொல்லித் தந்தான். என்னோடு பேக்கரியில் வேலை செய்த அல்ஜீரியன். தன் தங்கையின் கலியாணத்துக்கு என்னையும் மனைவியையும் ஊருக்குக் கூட்டிப் போனான். விமான நிலையத்துக்கு அவனுடைய காரில்தான் போனோம்.

"உள்ளே லைட்டைப் போட வேண்டும். கைகள் வெளியே தெரிய வேண்டும். இறங்கவே கூடாது."

லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த வருடம் அது. பின்னேரமே இருட்டிவிட்டது. விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே பொலிஸ் கார் ஒன்று எங்களை மறித்தது. துப்பாக்கியோடு இருவர் வந்தார்கள்.

என் கை தானாகவே கதவைத் திறந்தது. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரன் நிற்கும் இடத்தில் இறங்கி நடந்தே பழகியவன் நான். ஒரு கால் வெளியே போய்விட்டது. துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

"இறங்காதேங்கோ அப்பா, இருங்கோ," என்றாள் பின்னால் இருந்த மனைவி.

கரீம் லைட்டைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்து, என்னைப் பாராமலே "உட்கார்" என்றான். உட்கார்ந்தேன்.

விசாரித்துவிட்டுப் போக விட்டார்கள். வெகுதூரம் போன பிறகுதான் கரீம் கேட்டான்: "ஏன் இறங்கினாய்?"

"எங்கள் ஊரில் இறங்காவிட்டால் சுடுவார்கள்."

"எங்கள் ஊரில் இறங்கினால் சுடுவார்கள்."

பயணம் போகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்வது இதுதான்: போகிற ஊரின் பயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்த ஊரின் பயம் பெட்டியில் வைக்காமலே கூட வரும்.