ஆறு பேர் வேண்டிய இயந்திரம்

போன வாரம் ஒரு காலையில், குன்னூரில் என் வீட்டு வாசலில் நின்று பால்காரரோடு வழக்கமான சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கூடலூரிலிருந்து பார்வதி. "மருதமுத்து அண்ணன் போயிட்டாருங்க ஐயா. தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். பாதிச் சண்டையில் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பால்காரர் சிறிது நேரம் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஓவேலிப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பட்டறை பிட்டராக இருந்த மருதமுத்துவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, எந்தச் சாமான் சரியாக வேலை செய்யாவிட்டாலும் 'இது மருதமுத்து மிஷின்' என்று சொல்லிச் சிரித்தவர்களுக்காக. அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டவன்தான். மற்றவர்கள் தெரியாமல் சிரித்தார்கள். நான் தெரிந்தே சிரித்தேன்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலையேறி வந்த குடும்பங்கள் எங்கள் தோட்டத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் அங்கே சூப்பர்வைசர். அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்தவரின் மகன்; வாயில் 'ங்க' இருக்கும், குரலில் மரியாதை இருக்காது என்று என் மனைவியே சொல்வாள். மருதமுத்து என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மற்றவர்கள் பெட்டியில் துணிமணியும் சாமி படமும் கொண்டுவந்தபோது அவர் கொண்டுவந்தது ஸ்பானர்களும் அரங்களும். இலங்கைத் தோட்டங்களில் சூப்பர்வைசரைக் கூப்பிடும் வழக்கப்படி என்னைக் 'கண்டாக்கையா' என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். வந்த மூன்றாம் நாள், இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்த டீசல் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப்போட்டு ஓடவைத்தார். பட்டறையில் நிரந்தர வேலை உடனே கிடைத்துவிட்டது.

மற்றவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. எல்லோரும் தற்காலிகம். ஒரு மாதம்கூட விடாமல் இரண்டு மழைக்காலம் வேலை பார்த்தவர்களின் பெயர்தான் நிரந்தரப் பதிவேட்டில் ஏறும். பெயர் ஏறினால்தான் லைன் வீடு. அது எங்கள் தோட்டத்து ஏற்பாடு. வீடு கிடைக்காதவர்கள் ஓடைக்கரையில் தார்ப்பாய்க் குடிசையில் இருந்தார்கள். ஓவேலி மழையில் தார்ப்பாய் என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில்தான் புதுத் தேயிலை நட்ட சரிவைக் காட்டெருமைகள் மிதித்து நாசம் செய்ய ஆரம்பித்தன. முள்வேலி போட முடிவானது. லாரி நிறைய ஆங்கிள் இரும்புக் கம்பங்கள் வந்து இறங்கின. கம்பம் நட ஆறு பேரைப் போட்டோம். அவர்களில் ஒருத்தி பார்வதி. புருஷன் இலங்கையிலேயே இறந்துபோக, இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக வந்தவள்.

ஆறு பேரும் கடப்பாரையால் குழி தோண்டினார்கள். கடப்பாரையை அவர்கள் 'அலவாங்கு' என்பார்கள். எப்படிச் சொன்னாலும் மழையில் குழியில் தண்ணீர்தான் நிறைந்தது. கம்பத்தை நட்டுக் கல்லைப் போட்டு இடித்துவிட்டு வந்தால் மறுநாள் அது சாய்ந்து நிற்கும். மேனேஜர் பொறுமை இழந்து மருதமுத்துவைக் கூப்பிட்டார். "குழி தோண்டாம கம்பத்த நேரா மண்ணுல அடிச்சு எறக்கற மாதிரி ஒரு மிஷின் செய்யுங்க. சும்மா கெடக்கற எஞ்சின் இருக்குல்ல? ஆளையும் கொறச்சிரலாம்" என்றார். ஆளைக் குறைக்கலாம் என்று அவர் சொன்னபோது மருதமுத்து குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்தில் இயந்திரம் தயாரானது. மூன்று குழாய்களை மேலே சேர்த்துக் கட்டிய முக்காலி, உச்சியில் ஒரு கப்பி, கப்பி வழியாக ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஓர் ஆள் தூக்க முடியாத வார்ப்பிரும்பு எடை. எஞ்சின் சுற்றும் உருளையில் கயிற்றின் மறுமுனையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் எடை மேலே ஏறும். தளர்த்தினால் விழுந்து கம்பத்தின் தலையில் அடிக்கும். நாலைந்து அடியில் கம்பம் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது. மறுநாள் நான் போய் உதைத்துப் பார்த்தேன், கால்தான் வலித்தது. ஆனால் எஞ்சினுக்கு ஒருவர், கயிற்றுக்கு இரண்டு பேர், சரிவில் முக்காலி நழுவாமல் காலுக்கு ஒருவராக மூன்று பேர் என்று ஆறு பேர் இல்லாமல் அது ஓடவில்லை. போதாததற்குக் கம்பத்தை நேராகப் பிடிக்க ஏழாவது ஆளும் வேண்டும். "அது பட்டறை வேல, நானே புடிச்சிக்கிறேன்" என்று வேறு யாரையும் அதன் பக்கத்தில் விடவில்லை அவர்.

மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆறு பேரு தோண்டினாங்க. இப்ப ஆறு பேரு மிஷின் ஓட்டறாங்க. இதுக்கு டீசல் வேற!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 'மருதமுத்து மிஷின்' என்ற பேச்சு அன்றைக்குப் பிறந்ததுதான். ஆள் குறைக்க வழியே இல்லையா என்று என்னிடம் எழுத்தில் கேட்டார் மேனேஜர். நான் மருதமுத்துவைக் கேட்டேன். "இல்லீங்க கண்டாக்கையா. என் அறிவுக்கு எட்டினது இதுதான்" என்றார். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் சாவியை வாங்கப் பட்டறைக்குப் போனேன். பின்பக்கம் எஞ்சின் ஓடும் சத்தமும், நிதானமான இடைவெளியில் இரும்பு இரும்பில் விழும் சத்தமும் கேட்டன. எட்டிப் பார்த்தேன். மருதமுத்து தனியாக இருந்தார். எஞ்சின் பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்து, ஒரு கையில் பீடியும் மறுகையில் ஒரு நெம்புகோலுமாக. பத்தடி தள்ளி எடை தானாக ஏறியது. உச்சியில், அதைப் பிடித்திருந்த கொக்கியின் வால் ஒரு தகட்டில் இடித்ததும் கொக்கி வாய் திறந்தது. எடை விழுந்தது. நெம்புகோலைத் தளர்த்தியதும் கொக்கி பின்னாலேயே இறங்கி வந்து எடையைக் கவ்வியது. முக்காலியின் கால்களை முளையடித்துக் கட்டியிருந்தார். கம்பத்தை யாரும் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஓர் இரும்புச் சட்டம் பிடித்திருந்தது. அந்தச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்காகப் பட்டறை மூலையில் அதன்மேல்தான் அவர் தன் மழைக்கோட்டைக் காயப்போட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"ஏனுங்க மருதமுத்து, என்னையப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? முடியாதுன்னு என் கையில எழுதி வாங்கிப்போட்டு, இங்க உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு ஒத்த ஆளா ஓட்டறீங்க!"

அவர் எஞ்சினை நிறுத்தினார். பயந்த மாதிரித் தெரியவில்லை.

"மொத வாரமே செஞ்சிட்டேனுங்க. செய்யத் தெரியாம விடுறது வேற, தெரிஞ்சு விடுறது வேற. தெரியுமான்னு எனக்குத் தெரியணும்ல?"

"அப்ப ஏன் மாட்டல?"

"மாட்டுனா ரெண்டு பேரு போதும்." கொக்கியைக் கழற்றி என் கையில் வைத்தார். "மிச்சம் நாலு பேர நிப்பாட்டணும். கண்டாக்கையா, நீங்களே சொல்லிடுங்க, எந்த நாலு பேருன்னு. நாளைக்கே மாட்டிப்புடுறேன்."

ஆறு பேர் முகமும் வரிசையாக என் முன்னால் வந்தன. நான் யோசித்துப் பார்த்தேன், உண்மையாகவே யோசித்தேன். பார்வதியை நிறுத்தலாமா, வயதான செல்லையாவை நிறுத்தலாமா என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. நாலாவது பெயர்வரை போகவே இல்லை, முதல் பெயரிலேயே நின்றுவிட்டது. கொக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு நான் வாங்கப்போன சாவியை வாங்க மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இத்தனை வருடமும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தின் நடுவில், மேல்சரிவில் வேலை நடந்தது. கயிறு நனைந்திருந்தது. எடை மேலே இருக்கும்போது பார்வதியின் கையில் கயிறு வழுக்கியது. கம்பத்தைப் பிடித்திருந்த மருதமுத்துவின் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. துண்டைச் சுற்றி ஜீப்பில் ஏற்றிக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் அவர் முனகக்கூட இல்லை. அந்தக் கொக்கி மட்டும் முக்காலியில் தொங்கியிருந்தால் அவர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பார். கொக்கி என் இழுப்பறையில் இருந்தது. பூட்டிய சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்று, "இன்னிக்கே மேனேஜருகிட்டப் போயிச் சொல்லிடறனுங்க. கொக்கிய மாட்டிரலாம்" என்றேன்.

"இன்னும் ரெண்டு மாசந்தான் கண்டாக்கையா. போன வெரலு கொக்கிய மாட்டுனா வந்துருமா? பேரு ஏறட்டும்."

"அறிக்கை கேக்கறாங்க. எதனால நடந்துச்சுன்னு நாந்தான் எழுதோணும்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கவனக்குறைவு என்று எழுதினால் பார்வதியின் வேலை அன்றோடு போகும். அவளுடைய ஒன்றரை வருடமும் அதோடு போகும்.

"மிஷின் மேல எழுதுங்க. மிஷினு சரியில்ல, செஞ்சவனுக்கு வேல தெரியலன்னு எழுதுங்க. மிஷினுக்கு என்ன, பேரா ஏறணும்?"

எழுதினேன். 'அமைப்பில் குறைபாடு. அமைத்தவருக்குப் போதிய தொழில் அறிவு இல்லை.' இந்த இரண்டு வரியும் என் கையெழுத்தில், என் பேனாவால் எழுதப்பட்டவை. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய தலைமை பிட்டர் பதவி இன்னொருவருக்குப் போனது. அதற்குப் பிறகும் அவருக்கு வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கையில் கட்டோடு திரும்பி வந்தவர் மறுபடியும் கம்பத்தைத்தான் பிடித்தார். நான் தடுத்தேன். "இன்னும் எட்டு வெரலு இருக்குங்க" என்றார். நான் பதிலுக்கு அவரைத் திட்டினேன், கண்ணில் தண்ணீரோடு. மழை பெய்துகொண்டிருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆறு பெயரும் ஏறின. வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைப் பிரட்டில், எல்லோரும் கூடை மாட்டி நிற்கும்போது, நான்தான் பட்டியலைப் படித்தேன். பார்வதியின் பெயர் ஐந்தாவது. மருதமுத்து பட்டறை வாசலில் நின்று ஒரு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது பெயரைப் படிக்கும்வரை அதே இடத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார். எண்ணெய் தரையில் ஓடியது. வேலி முடிந்ததும் முக்காலியைப் பிரித்துப் பழைய இரும்போடு போட்டார்கள்.

பிறகு இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். அவர் கூடலூரில் ஸ்டவ், பம்பு ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை வைத்தார். போகும்போதெல்லாம் கடையில் உட்காருவேன். வருகிறவர்கள் அந்த இயந்திரத்தைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வார்கள். பார்வதியே முன்னால் நிற்பாள். "அண்ணே, ஸ்டவ்வ ரிப்பேரு பாக்க எத்தன பேரு வேணும், ஆறு பேரா?" என்பாள். அவர் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார். ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. இனியாவது சொல்லிவிடலாம் என்றேன்.

"நான் இருக்கிற வரைக்கும் வேணாங்க. சொன்னா அந்தப் புள்ள என்னையப் பாக்கும்போதெல்லாம் கையப் பாக்கும். இப்ப மிஷினத் திட்டுது. திட்டட்டும். நல்லாத்தானே இருக்கு?"

அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனபோது கொக்கியை ஒரு துணியில் சுற்றிப் பையில் கொண்டுபோனேன். அவரோடு வைத்துவிடலாம் என்று எண்ணம். வைக்க மனம் வரவில்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. பார்வதி தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். துணியைப் பிரித்துக் கொக்கியைக் கையில் கொடுத்தேன். வாலை அழுத்தினார், வாய் திறந்தது. விட்டார், மூடியது. இரண்டு மூன்று தடவை அப்படியே செய்தார்.

"இம்புட்டுத்தானாங்க?" என்றார். பிறகு கொக்கியை மடியில் வைத்துக்கொண்டார்.

"இது இருந்திருந்தா அண்ணனுக்கு வெரலு இருந்திருக்கும். எனக்கு வீடு இருந்திருக்காது." கொக்கியை முந்தானையால் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "எழுதுங்க ஐயா. நான் சிரிச்சதையும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன். தோட்டத்து ஆபீசில் என் கையெழுத்தோடு ஓர் அறிக்கை இன்னும் இருக்கலாம். கறையான் தின்றிருந்தால் மகிழ்ச்சி. மிச்சம் இருந்தால், அது பொய் என்று நான் உயிரோடிருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். கொக்கி என் வீட்டு அலமாரியில், எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். மருதமுத்துவைத் தெரிந்தவர்கள் குன்னூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கையில் எடுத்து ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். இத்தனை வருடத்தில் அது ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை.