படுத்துக் கிடந்த நாவல்

புயல் ஓய்ந்த காலையில் எங்கள் ஊர் மலையடிக் காடு ஒரே பக்கமாக வாரிவிட்ட தலை மாதிரி சாய்ந்து கிடந்தது. எங்கள் கொல்லைக்கும் பெரியப்பா கொல்லைக்கும் பொதுவாக நின்ற நாவலும் விழுந்திருந்தது. அதன் பழத்தைத்தான் அம்மா புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூறு வைத்து விற்பாள்.

பெரியப்பா மரம் அறுக்கும் மெஷின்காரனைக் கூட்டிவந்தபோது, அம்மா துவைத்த துணியை அந்த மரத்தின் மேலேயே காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“செத்த மரத்துக்கு எதுக்கும்மா காவலு?” என்றார் பெரியப்பா.

“செத்துச்சின்னு யாரு சொன்னது? பாதி வேரு மண்ணுலதான் கீது. படுத்துக்கினு கீது, அவ்ளோதான். மத்தியானத்துல நீங்ககூடத்தான் படுக்கிறீங்க, அறுத்துட்டாங்களா மாமா?”

மெஷின்காரன் சிரித்துவிட்டான். பெரியப்பாவுக்கு அதுதான் ஆறவில்லை. பொங்கலுக்குள் துளிர் வராவிட்டால் அறுப்பேன் என்று சொல்லிப் போனார்.

அம்மா ஒரு கிளையை நகத்தால் கீறி உள்ளே பச்சை இருப்பதை எனக்குக் காட்டினாள். ஒரு தரம் பார்த்தால் நம்புகிற ஆளா நான்? பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் கீறினேன். நேற்றுக் கீறிய இடம் இன்று பழுப்பாயிருந்தால் பக்கத்தில் கீறுவேன். நகம் போதாமல் காய் நறுக்கும் கத்தியை எடுத்துப்போனேன். மார்கழி பிறந்தபோது என் கீறல்கள் கிளையைச் சுற்றி வளையமாகிவிட்டன. வளையத்துக்கு மேலே நுனிவரை இலையெல்லாம் காய்ந்து கொட்டியது.

மரத்தை நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் போவதையே விட்டேன். காட்டில் முறிந்த கட்டைகளெல்லாம் துளிர்த்தன. வெயில் விழுந்த இடமெல்லாம் புதுச்செடி முழங்கால் உயரம் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் பயம். அம்மாவோ நான் கீறிய கிளைமேல் பழம்புடவையைத் தினமும் விரித்தாள்.

போகியன்று பெரியப்பா மெஷினோடு வந்தார். அம்மா அவசரப்படாமல் துணிகளை எடுத்து மடித்தாள். கடைசியாகப் புடவையை எடுத்தாள். கீழே ஏழெட்டுச் செந்துளிர்.

“இது எப்போ வந்துது?” என்றார் பெரியப்பா.

“நீங்க அறுக்க வர்றீங்கன்னு தெரிஞ்சிக்கினு வந்துது.”

அவர் போனபின் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

“தெரியும். ஆடு மேய்ஞ்சிடப்போவுதுன்னுதான் மூடி வச்சேன். மொதல்ல என் கத்தியக் குடு” என்றாள்.

துளிர் அத்தனையும் என் வளையத்தை ஒட்டி அதன் கீழே, வேர்ப்பக்கமாகத்தான் வந்திருந்தது. மரத்தில் வேறெங்கும் ஒன்றுமில்லை. நான் கெடுத்தும் மரம் பிழைத்தது என்றே நினைத்தேன். படிப்பை நிறுத்தி மாந்தோப்பு வேலைக்குப் போனபின், மொட்டு துளிர்க்க வேண்டுமானால் அதற்கு மேலே பட்டையைக் கீறிவிடவேண்டும் என்று சொல்லி என் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தார்கள்.