புயலுக்கு வைத்த பெயர்

நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடைசி அறை பிறப்பு இறப்புப் பதிவு அறை. உள்ளே ஒரு நீள மேசை, கம்பி போட்ட ஜன்னல், சுவரை அடைத்த இரும்பு அலமாரிகள். இடப்பக்கம் பிறந்தவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள். நடுவே இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை ஊரில் யாரும் பதிவாளர் என்று சொல்வதில்லை. பேர்க்காரர் என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. யாராவது ஒரு பெயரைச் சொன்னால் போதும், "இந்தப் பேரா? அறுபத்தஞ்சு வயசுக்குக் குறையாதே" என்பார். ஆளைப் பார்த்தால் சரியாக இருக்கும். பழைய பதிவேடுகளில் தாத்தா பெயர்தான் பேரனுக்கு. ஒரே தெருவில் நாலு பேருக்கு ஒரே பெயர் இருந்து, நெட்டை, குட்டை என்று பிரித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு பத்து வருஷம் சினிமாக்காரர்களின் பெயர்கள். ஒரு நடிகை கல்யாணம் செய்துகொண்டு நடிப்பை விட்டதும், அவள் பெயரும் பதிவேட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது வருபவை எந்த அகராதியிலும் அகப்படாத இரண்டெழுத்துப் பெயர்கள். அர்த்தம் என்ன என்று கேட்டால் அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா ஃபோனைப் பார்ப்பாள்.

வருஷக் கடைசியில், அந்த வருஷம் அதிகம் வைக்கப்பட்ட பத்துப் பெயர்களைத் தன் கையால் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். யாரும் கேட்டு எழுதியதில்லை. ஆனால் ஒட்டிய அன்று கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் வந்து படித்துவிட்டுத்தான் போவார்கள்.

அவருக்கு மகள் பிறந்த வருஷம் பட்டியலில் முதலிடம் பிடித்த பெயர் நூற்றுப்பதினெட்டுக் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டிருந்தது. அவர் மனைவிக்கும் அதுதான் பிடித்திருந்தது. பேர்க்காரர் மசியவில்லை. "டீச்சர் ஒரு தடவ கூப்பிட்டா அஞ்சு பேரு எழுந்து நிப்பாங்க. நம்ம பொண்ணு அதுல ஒருத்தியா?" என்றார். இடப்பக்க அலமாரியின் அடித்தட்டில், எண்பது வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டில், ஒரே ஒரு தடவை எழுதப்பட்டிருந்த மூன்றெழுத்துப் பெயரை அவர் எப்போதோ பார்த்து மனதில் முடிந்து வைத்திருந்தார். அதைச் சொன்னார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் ஒத்துக்கொள்ள மாட்டாள். தூங்குகிற குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"சரி, நல்லாத்தான் இருக்கு."

அத்தோடு விட்டிருக்கலாம். விண்ணப்பத்தில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு வந்து விழிக்கிறவர்களிடம், "என் பொண்ணு பேரு இது. வேணும்னா வெச்சுக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஒன்றிரண்டு பேர் வைத்தார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்தார்கள். ஏழாம் வருஷம் அது பட்டியலில் எட்டாவது. மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது முதலிடம்.

"தனியா இருக்கணும்னு வெச்சுட்டு, நீங்களே ஊரு பூரா பரப்பிட்டீங்க" என்று மனைவி சிரித்தாள். உள்ளூர அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மகளுக்குப் பதினேழு முடிந்து இரண்டு மாதம் ஆனபோது கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது புயலாக மாறினால் என்ன பெயர் என்று செய்தியில் சொன்னார்கள். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் புரையேறிவிட்டது.

"அப்பா, நான் கரையைக் கடக்கப்போறேனாம்."

"கடக்கிறதுக்கு முன்னாடி உன் ரூமை ஒழுங்கா அடுக்கி வை" என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் புயல் அவர்கள் ஊரிலேயே கரையேறியது. கடலோரக் குடியிருப்பு இருந்த இடத்தில் மணல் மேடும் சில கதவு நிலைகளும்தான் மிச்சம். எழுபத்திரண்டு பேர் போனார்கள். பேர்க்காரரின் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் மாடித் தகரம் பறந்ததோடு தப்பித்தது.

அடுத்த வாரம் முழுக்க அவருக்கு வலப்பக்க அலமாரியில்தான் வேலை. மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் புயலின் பெயரையும் குறிப்பிட வேண்டும். அவர் அதைப் படித்து மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, வெறுமனே 'புயல்' என்று எழுதி அனுப்பினார். பதினொரு பதிவுகள் திரும்பி வந்தன. மேலதிகாரி ஃபோனில் கூப்பிட்டார்.

"பொண்ணு பேருன்னு கேள்விப்பட்டேன். உங்க சங்கடம் புரியுது. ஆனா நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க."

"ஒண்ணும் செய்ய முடியாது சார்" என்றார் பேர்க்காரர்.

எழுபத்திரண்டு தடவை எழுதினார். எழுதும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வயதானவர் தன் மனைவியின் சான்றிதழை வாங்கிப் பார்த்து, காரணக் கட்டத்தில் விரல் வைத்து, "என் பேத்தி பேரும் இதுதான் சார்" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. தெரிவித்தார், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பெயர் மாற்ற விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தவள் மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவள், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. அவளுடைய தம்பி புயலில் போனவன். பேர்க்காரர் விண்ணப்பத்தைக் கையில் எடுக்காமலே பேசிப் பார்த்தார்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கம்மா. ஜனங்க மறந்துடுவாங்க. குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?"

"எனக்கும் தெரியுது சார். ஆனா கூப்பிட வாய் வரல. மூணு வாரமா ஏய், ஏய்னுதான் கூப்பிடறேன். அதுவும் திரும்பிப் பாக்குது."

அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். பழைய பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரே கோடு போட்டு, ஓரத்தில் புதுப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அடியில் இருப்பது படிக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்பது விதி. அந்த வருஷம் அப்படி நூற்று நாற்பது கோடுகள் போட்டார். அவற்றில் பாதிக்கு மேல் அவரே நேரில் சொல்லி வைக்கச் செய்தவை. வந்தவர்களில் சிலர் அவர் சொல்லித்தான் வைத்தோம் என்பதையே மறந்திருந்தார்கள். மறக்காதவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

இடையில் வானிலை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எதற்காக அந்தப் பெயரை எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். இரண்டு மாதத்தில் மரியாதையான பதில் வந்தது. பட்டியல் நான்கு வருஷத்துக்கு முன்பே தயாரானது. சுருக்கமாகவும் சொல்ல எளிதாகவும், அண்மைக் காலத்தில் மக்களிடம் பரவலாகவும் உள்ள பெயர்களிலிருந்து எடுக்கப்பட்டது. இழப்பைக் கருத்தில்கொண்டு இனி எந்தப் புயலுக்கும் அந்தப் பெயர் சூட்டப்படாது. 'பரவலாகவும்' என்ற சொல்லை அவர் மூன்று தடவை படித்தார். மனைவியிடம் கடிதத்தைக் காட்டவில்லை.

வீட்டில் மகள் புலம்பவில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தபோது அவள் பெயர் வந்ததும் வகுப்பே அவள் பக்கம் திரும்பிப் பார்த்ததாம். கடலோரக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டானாம். இதை அவள் அம்மாவிடம் சொல்லி, அம்மா அவரிடம் சொன்னாள்.

"நாளாவட்டத்துல சரியாப் போயிடும்" என்றார் அவர்.

"உங்களுக்கா, அவளுக்கா?" என்று கேட்டாள் மனைவி.

பதினெட்டு முடிந்த மறுநாள், காலை பதினொரு மணி இருக்கும், வரிசையில் ஏழாவது ஆளாக மகள் நின்றுகொண்டிருந்தாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். எழுந்து போய் அழைத்து வரலாமா என்று நினைத்தார், எழவில்லை. முன்னால் இருந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பினார். அவள் முறை வந்தது.

"ஏம்மா வரிசைல நின்னே? வீட்லயே குடுத்திருக்கலாமே."

"வீட்ல குடுத்தா நீங்க எங்கயாவது தொலைச்சிருப்பீங்கப்பா."

அது உண்மைதான் என்று அவருக்குத் தெரியும். விண்ணப்பம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தது. வயதுச் சான்று, புகைப்படம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அதில் ஒன்று அவள் அம்மாவினுடையது. புதிய பெயர் என்ற கட்டத்தில், அவள் பிறந்த வருஷம் நூற்றுப்பதினெட்டுக் குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட அதே பெயர்.

"இதுவா? இந்தப் பேர்ல ஊர்ல எத்தன பேர் இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான்."

"வேற நல்ல பேரு எவ்வளவோ இருக்கு. நான் தேடித் தரேன்."

"வேணாம்ப்பா" என்றாள். கொஞ்சம் தணிந்த குரலில், "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றும் சொன்னாள்.

அவர் அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தார். தன் கையெழுத்திலேயே, இளமையான, சாய்வில்லாத எழுத்தில், மூன்றெழுத்து இருந்தது. அவள் மேசையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கோணலாகிவிடக் கூடாதே என்று அடிக்கோலை வைத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "ஏழு நாள்ல வந்து சான்றிதழ் வாங்கிக்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்வது வாயில் தானாக வந்துவிட்டது.

"நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் மூவரும் மாமூலாகப் பேசினார்கள். மகளைச் சாப்பிடக் கூப்பிட எழுந்தவர் அவள் அறை வாசல் வரை போய் நின்றார். பழைய பெயர் நாக்கில் நின்றது. புதியது வரவே இல்லை. கதவைத் தட்டினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவிலிருந்து கல்லூரிப் பெண்கள் சிலர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாலு வீடு தள்ளி இன்னொருத்தி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேர்க்காரர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"உங்க பொண்ணத்தாங்க கூப்பிடறாங்க" என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

அதற்குள் மகள் தலையை வாரி முடிந்தபடியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "வந்துட்டேன்" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனபோது அவர்கள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.