கேமமாட்டு இருந்த வீடு

மரச்சீனிக்கிழங்கு வேகும்போது எழும் மண்வாசம் கலந்த ஆவி தெருவுக்குப் போய்விடக் கூடாதென்று, அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். நாடு விடுதலையாகி இரண்டு மூன்று வருடம் இருக்கும். மழை பொய்த்து, தோவாளையில் பிச்சிக்கொடிகள் கருகி, அம்மாவின் பூக்கட்டு வேலையும் நின்றுபோக, அப்பா இல்லாத எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சோறு ஒரு வேளை மரச்சீனியாகச் சுருங்கியிருந்தது. ஆனாலும் யார் எதைக் கேட்டாலும் அம்மாவின் பதில் "கேமம்". உயர்ந்தது, சிறந்தது, முதல்தரமானது எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்தான்: கல்யாணச் சாப்பாடு கேமம், தேரோட்டம் கேமம், காய்ச்சலில் கிடந்த என் தங்கை செல்லம்மையும் கேமம்.

"இல்லண்ணு வாயத் தொறந்தா மூதேவி உள்ள வந்து இருந்துக்கிடுவா, மக்கா" என்பாள்.

செல்லம்மைக்கு இனி மருந்து வேண்டாம், அரிசிக்கஞ்சிதான் வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்த நேரத்தில், சர்க்கார் கஞ்சித்தொட்டிக்கு இல்லாதவர்களின் பெயர் எழுத அதிகாரி வீடுவீடாக வந்தார். இன்றைக்கு என்ன சமையல் என்று வாசலில் நின்று கேட்டார்.

"சோறு, பருப்பு, அவியல். கேமமாட்டு இருக்கோம் ஐயா."

வேலிக்கு அப்பால் நின்ற பகவதியம்மை, "எங்களுக்கும் ரெண்டு அகப்பை அவியல் தாருங்க மயினி" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

கால்வாய்க்கரை வரை ஓடி அவரை மறித்து, அம்மா சொன்னது பொய் என்றேன். "வீட்டுக்காரி சொன்னத எழுதியாச்சு, ஏட்டி. மாத்தணும்னா அவளே மனு தரணும்" என்றார். அவர் செய்ததில் விதிப்படி ஒரு குற்றமும் இல்லை. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அதுதான்.

ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் மனுவை நானே எழுதினேன். 'கதியற்ற விதவையாகிய' என்று வாசித்ததுமே அம்மா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மூன்று நாள் கெஞ்சினேன். நான்காம் நாள் அவளே விரலை நீட்டியபோது செல்லம்மைக்குக் கஞ்சி தேவைப்படவில்லை.

சின்னப் பிள்ளைக்கு அது வழக்கமில்லை என்று சொல்லியும் கேளாமல், வெண்கலப்பானையை விற்றுப் பதினாறாம் நாள் ஊருக்குச் சோறு போட்டாள். அவியலும் இருந்தது. உண்டவர்கள் எல்லோரும் "கேமம்" என்றார்கள்.

பின்னாளில் நானும் மனு வாங்கும் நாற்காலியில் முப்பது வருடம் இருந்தேன். விசாரணைக்குப் போன வீடுகளில் அடுக்களைவரை சென்று பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். எந்த விதியில் இருக்கிறது என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார், எதிலும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது வடசேரி ஓட்டலில் பிள்ளைகள் மரச்சீனியும் மீன்கறியும் வாங்கித் தின்று "சூப்பர்" என்கிறார்கள். கேமம் எப்போது ஒழிந்தது என்று ஊருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது அந்தப் பதினாறோடு போயிற்று. அதன்பின் சாகும்வரை, யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் அம்மா, "இருக்கேன்" என்பாள்.