கலத்துக்குத் திரும்பிய வழி

சண்டைக் காலத்தில் ஊரடங்கு போட்டால் கட்டுகஸ்தோட்டை அறையில் மூவரும் அடைந்து கிடப்போம். ஒருவர் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், ஒருவர் மடவளை வியாபாரி, நான் புடவைக் கடை ஆள். கிளாக்கர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். அவர் விண்வெளிக் கதை சொல்வார். அதில் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு ஆள். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று நாங்கள் சொல்ல வேண்டும். நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மந்திரம் கிடையாது. சந்தேகம் வந்தால் தாயக்கட்டை தீர்த்து வைக்கும்.

ஒரு நாள் கதையில் என் ஆள் கயிறு அறுந்து விண்கலத்துக்கு வெளியே மிதந்தான். செத்தால் எனக்கு விளையாட்டு முடிந்தது.

"நீந்திப் போறேன்" என்றேன்.

வியாபாரி சிரித்தார். "காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல. எதுல நீந்துற தம்பி? ஜனாஸா அடக்கத்துக்குச் சொல்லியனுப்பவா?"

யோசித்தேன். "இடுப்புல இருக்கிற கருவிப் பையை எதிர்ப்பக்கம் வீசுறேன். நான் கலத்துப் பக்கம் போவேன்."

"எங்கை கண்டனீர்?" என்றார் கிளாக்கர்.

"தெல்தெனியாவுல தோணியில இருந்து கரைக்குப் பாய்ஞ்சேன். தோணி பின்னால போச்சு."

கிளாக்கர் தாயக்கட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஓம், சரிவரும். ஆனா மெல்லமாத்தான் போவீர். உடுப்புக்குள்ளை இருக்கிற காத்து அதுவரைக்கும் காணுமோ எண்டு பாப்பம்."

தாயக்கட்டையை உருட்டினேன். விழுந்த எண்ணுக்குக் காற்று போதுமாக இருந்தது.

வெளியே சந்தியில் ஆமிக்காரர் நின்றார்கள். அறையில் வியாபாரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். என் ஆள் உயிரோடு வந்து சேர்ந்தான். யாரும் எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை.