கீப்பருக்கு முதல் சீட்டு

என் அக்கா வீட்டுக்காரரோடு நான் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவரும் கடலூரில்தான் இருக்கிறார், நானும் கடலூரில்தான் இருக்கிறேன். மஞ்சக்குப்பம் பக்கம் எதிரெதிரே வந்தால் அவர் வண்டியை மெதுவாக்குவார், நான் என் வண்டியை முறுக்குவேன். பொங்கலுக்கு அக்கா மட்டும் வந்து போனாள். வாசலோடு போனாள்.

சண்டை சொத்துக்காக இல்லை. ஹாக்கிக்காக. சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்வதில்லை.

எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கு ஒரு ஹாக்கி லீக் நடக்கிறது. ஆறு டீம். கடலூர் டீமுக்கு நான் கோச், மாமா செயலாளர். பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை போக மிச்ச நேரமெல்லாம் எனக்கு இந்த டீம்தான். மாமாவுக்கு டைல்ஸ் கடை. ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் மேடை, மாலை, மைக் மூன்றும் எங்கே இருக்கிறதோ அங்கே மாமா இருப்பார்.

லீகில் ஆட்களை ஏலம் விடுவதில்லை. பெயர் கொடுத்த பெண்களையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு, போன வருஷம் கடைசியில் வந்த டீம் முதல் ஆளை எடுக்கும், அப்புறம் அதற்கு மேலே வந்த டீம், இப்படி. இரண்டாவது சுற்றில் வரிசை திரும்பிவிடும், முதலில் எடுத்தவர்கள் கடைசியில் எடுக்க வேண்டும். எடுத்த டீமுக்கு வர மாட்டேன் என்று சொல்லும் பெண் ஒரு வருஷம் எந்த டீமிலும் ஆட முடியாது. இதெல்லாம் யாரோ டி.வி.யில் வெளிநாட்டு லீக் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் எழுதிய விதி. ஆனால் விதி.

போன வருஷம் ஆள் எடுக்கும் நேரத்தில் நாங்கள் தொடர்ந்து இரண்டு வருஷம் கடைசியில் வந்திருந்தோம். மூன்றாவது வருஷமும் கடைசியானால் டீமை லீகிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த டீமை நான் ஆறு பெண்களை வைத்து, கோல் போஸ்ட்டுக்குப் பதில் இரண்டு சைக்கிள்களை நிறுத்தி ஆரம்பித்தேன். அதைக் கலைக்க நான் விடுவதாக இல்லை. அந்த வருஷம் முதல் சீட்டு, அதாவது முதல் ஆளை எடுக்கும் முறை, எங்களுக்கு. சரியான ஆளை எடுத்தால் பிழைப்போம்.

பட்டியலில் உருப்படியாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி சிதம்பரத்துப் பெண், சென்டர் ஃபார்வர்ட். இன்னொருத்தி கம்மாபுரத்துப் பெண், கோல் கீப்பர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள்.

ஃபார்வர்டை எல்லோருக்கும் தெரியும். மட்டையைத் திருப்பி ரிவர்ஸில் அடிப்பாள், அடித்துவிட்டு யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். பந்து கையை விட்டுப் போனால் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவாள், திரும்பி ஓடி வர மாட்டாள். செலக்‌ஷன் ட்ரையலில் அவளுக்கு எதிரில் கோலில் நின்றவள் கம்மாபுரத்துப் பெண். அவள் குதிக்கவில்லை, உருளவில்லை. பெனால்டி கார்னர் என்றால் சரியாக இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றாள், பந்து தானாக வந்து அவள் கால் பேடில் பட்டது. முன்னால் நிற்கும் டிஃபெண்டர்களை அதட்டிக்கொண்டே இருந்தாள். முன்பின் தெரியாத பெண்கள் அவள் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

நானும் கீப்பராக நின்றவள்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது யோக்கியமில்லை. பதினோரு பேர் பெயரை வாசித்தால் என் பெயர் கடைசியில் வரும். ஜெயித்ததும் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள், நான் பேடை அவிழ்த்துவிட்டு வருவதற்குள் எடுத்து முடித்திருப்பார்கள். தோற்றால் மட்டும் எல்லோருக்கும் என் பெயர் முதலில் ஞாபகம் வரும். அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. குறைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே சிரித்தார்.

“கீப்பருக்குப் போய் யாராச்சும் மொத சீட்ட குடுப்பாங்களாம்மா? கோல் அடிக்கிறவள எடு. கீப்பரு ரெண்டாவது ரவுண்ட்லயும் அங்கியேதான் குந்தினு இருப்பா. எவன் தொடப் போறான்?”

சிதம்பரம் டீமுக்குக் கீப்பர் இல்லை, இரண்டாவது சுற்றில் எங்கள் முறை வருவதற்குள் அவர்கள் தூக்கிவிடுவார்கள் என்றேன். மாமாவுக்கு அது காதில் ஏறவில்லை. எனக்கு உண்மையில் எரிந்தது வேறு. அங்கேயே உட்கார்ந்திருப்பாள் என்று அவர் சொன்னது அந்தப் பெண்ணை இல்லை, என்னைச் சொன்னது போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வேலை செய்தார். டீம் கமிட்டியில் இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சிதம்பரத்துக்குப் போய் ஃபார்வர்ட் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆப்பிள், ஆரஞ்சு, பூ எல்லாம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பெண்ணின் அப்பா பஜ்ஜி, கேசரி கொடுத்திருக்கிறார். குடும்பம் எப்படி, எந்த ஊர்ச் சொந்தம், பெண்ணுக்குக் கோபம் வருமா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். கிளம்பும்போது பெண்ணின் அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்ட, மாமா எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அப்படித் தட்டை வாங்கினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் சிதம்பரம் கீழ வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது, கடலூர் டீமுக்கு முதல் ஆள் தங்கள் தெருப் பெண்தான் என்று.

மாமா வீட்டுக்கே போய், பெண் பார்க்கப் போனீங்களா, ஆள் எடுக்கப் போனீங்களா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாக்குக் குடுத்தாச்சு, இனி மாத்தினா எனக்கு மரியாதை இல்ல என்றார் மாமா. உங்கள் மரியாதைக்காக நான் டீமைக் கலைக்க முடியாது என்றேன். முதல் சீட்டைச் சொல்லும் உரிமை விதிப்படி கோச்சுக்கு. அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

மறுநாளே பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வடலூர் வழியாகக் கம்மாபுரம் போனேன். போகிற வழியில் இரண்டு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கினேன். வெறும் கையோடு எப்படிப் போவது? அந்தப் பெண் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அம்மா சோறு போட்டார், சாப்பிட்டேன். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம் போல, அலமாரியில் பாத்திரம் அதிர்ந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் பெண்ணை முதலில் எடுக்கப் போகிறேன், இந்த லீகில் எந்தக் கீப்பரையும் முதலில் எடுத்ததில்லை என்று அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார்.

அந்தப் பெண் கதவோரமாக நின்றிருந்தாள். முட்டியைக் காட்டச் சொன்னேன், காட்டினாள். அடிபட்டிருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். அப்புறம், “மேடம், எனக்கு காலைல லேப் இருக்கு” என்று ஆரம்பித்தாள். அதெல்லாம் பார்த்துக்கலாம் என்றேன். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆள் எடுக்கும் நாள் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். முன் வரிசையில் ஃபார்வர்ட் குடும்பம். அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டி வந்திருந்தார்கள், விளையாட்டு ட்ரெஸ்ஸில் வரச் சொல்லியும். மாமா அவர்களோடு உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கில் கடலூர் என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து கம்மாபுரத்துப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், அதோடு நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். எழுதுகிறவர் பேனாவை எடுத்துக்கொண்டு, கீப்பரா என்று என்னிடம் மறுபடி கேட்டார். ஆமாம், கீப்பர்தான் என்று மைக்கில் சொன்னேன். இந்த வயசுவரை எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று.

ஃபார்வர்டைப் பண்ருட்டி டீம் அடுத்த நொடியே எடுத்துக்கொண்டது. அவளுடைய அப்பா மாமாவிடம் வந்து, எல்லோர் முன்னாலும், வெற்றிலையை வாங்கிட்டுப் போய் எங்கே துப்பினீங்க என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

கையெழுத்துப் போட அந்தப் பெண் மேடைக்கு வந்தாள். போட்டுவிட்டு மெதுவாக என்னிடம் சொன்னாள்.

“சிதம்பரம் கோச்சு என்னை ரெண்டாவது ரவுண்ட்ல எடுக்கறேன்னு சொல்லியிருந்தாங்க மேடம். அவுங்க கிரவுண்டு எங்க ஹாஸ்டலுக்குப் பின்னாடிதான் இருக்கு. கீப்பர யாரும் மொதல்ல எடுக்க மாட்டாங்கன்னு நம்பித்தான் பேரு குடுத்தேன்.”

வீட்டுக்கு வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க அப்பாகிட்டதானே கேட்டீங்க” என்றாள்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. மண்டபத்தை விட்டுப் போவதற்குள் இரண்டு டீமும் ஒத்துக்கொண்டால் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். சிதம்பரம் கோச் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். நான் போகவில்லை. இவ்வளவு பேர் சிரித்த பிறகு, மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போது, எடுத்த கீப்பரைத் திருப்பிக் கொடுப்பதா? தவிர எனக்கு அவள் வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும், முதல் சீட்டு என்ற பெருமை அவளுக்கும் பிடித்துப்போகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் பயிற்சி காலை ஆறு மணிக்கு. சாயங்காலம் கிரவுண்டு கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு. அவள் விடிவதற்கு முன்னால் சிதம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்கு வருவாள், எட்டு மணிக்குப் பேடை அவிழ்த்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். பஸ் பாதி வழியில் புதுச்சத்திரம் தாண்டும்போதே கல்லூரியில் லேப் ஆரம்பித்திருக்கும். ஒருமுறை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரட்டுமா என்று கேட்டாள். டிஃபென்ஸ் முழுக்க உன் பேச்சைக் கேட்டுத்தான் நிற்கிறது, நீ இல்லாமல் பயிற்சி எதற்கு என்றேன். அது உண்மை. உண்மையை வைத்துக்கொண்டே ஒரு ஆளை நசுக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பண்ருட்டியோடு ஆடியபோது அந்த ஃபார்வர்டுக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். நான் திரும்பித் திரும்பி அவர் முகத்தைத்தான் பார்த்தேன், ஆட்டத்தை இல்லை. நாங்கள் நாலாவதாக வந்தோம். டீம் தப்பித்தது. பெண்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து பேட் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போட்டோவுக்கு நான்தான் அவளைக் காத்திருந்து கூப்பிட்டேன். வந்து நின்றாள். சிரிக்கவில்லை.

அந்த மாசமே அவளுக்கு ப்ராக்டிக்கல் ஹால் டிக்கெட் வரவில்லை. அட்டெண்டன்ஸ் பத்தவில்லை. இரண்டு பேப்பர் அடுத்த வருஷம்தான் எழுத வேண்டும். கேள்விப்பட்டதும் கல்லூரிக்குப் போய்ச் சண்டை போடுகிறேன் என்று கிளம்பினேன். அவள் போனில், “நீங்க வராதீங்க மேடம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு டீம் தன் ஆட்களில் ஒருத்தியை அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு அந்தப் பெண் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நானே சிதம்பரம் போனேன். ஹாஸ்டல் வாசலில் அவளை நிற்க வைத்து, உனக்கு எங்கள் டீமில் இருக்க விருப்பமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்ட பிறகுதான் அது எனக்கே உறைத்தது. மாமாவை என்னவெல்லாம் பேசினேன். நானும் பழம் வாங்கிக்கொண்டு போய், சாப்பிட்டு, அப்பாவிடம் கேட்டு, முட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அவள் ஃபாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“லிஸ்ட்லயே இந்த வருஷம் பேரு குடுக்கல மேடம். சிதம்பரத்துக்கும் இல்ல. ஆடறத விட்டுட்டேன்” என்றாள். லேபுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போய்விட்டாள்.

எங்கள் டீம் லீகில் இருக்கிறது. இந்த வருஷம் எங்களுக்கு மூன்றாவது சீட்டு. பட்டியலை நாலு தடவை பார்த்துவிட்டேன், கோலில் நிறுத்த ஒருத்தியும் இல்லை.